வீட்டைச் சீதனமாக எழுதிய பிறகு தாய் தகப்பனைப் பார்க்கும் செலவு எங்கிருந்து வரும்?

கல்லடி_உப்புக்காற்று:
மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் வழக்கம் ஒன்றுதான்: மகளுக்கு வீடு. மூத்தவளுக்குக் கட்டிக் கொடுத்து, அடுத்தவளுக்கும் கட்டிக் கொடுத்து, கடைசி மகளோடு பழைய வீட்டில் தாய் தகப்பன் ஒதுங்குவார்கள். அந்தப் பழைய வீடும் கடைசி மகளின் சீதன உறுதியில் போய்விடும். அறுபத்தைந்து வயதில் கையில் மிஞ்சுவது கொஞ்சம் வைப்புப் பணமும் ஒரு துண்டு வயலும்தான். அதற்குப் பிறகு பாரிசவாதம் வந்து ஒருவர் கட்டிலில் விழுந்தால் ஐந்து வருடமோ எட்டு வருடமோ பார்க்க வேண்டி வரும். அந்தச் செலவைப் பற்றி யாரும் முன்கூட்டிப் பேசுவதில்லை. பேசினால் "சாவுக்கு நாள் குறிக்கிறியா" என்று கேட்பார்கள்.

இந்த இழையில் கணக்கோடு பேசுவோம். எங்கட பக்கம் வழக்கமான ஒரு குடும்பத்தை உதாரணமாக வைக்கிறேன்: தகப்பன் 69, தாய் 65. வைப்பில் 20 இலட்சம். இரண்டு ஏக்கர் அனுமதிப்பத்திர வயல் (அரச காணி, செய்கை பண்ண அனுமதி கொடுத்தது). வீடு கடைசி மகளின் பெயரில். மகன் கட்டாரில். இவர்கள் எதை முதலில் செய்ய வேண்டும்? எவ்வளவு தேவைப்படும்? அனுபவக் கதைகள் வேண்டாம், செய்முறை சொல்லுங்கள்.

வார்டு_மிஸ்:
"முதுமைச் செலவு" என்று ஒரே தொகையாகப் போட்டால் கணக்கு பிழைக்கும். மூன்று கட்டமாகப் பிரியுங்கள்.

முதல் கட்டத்தில் ஆள் தானாக நடக்கிறார், பிரஷருக்கும் சீனிக்கும் கிளினிக் போகிறார். அரச வைத்தியசாலையில் மருந்து இலவசம். செலவு என்பது ஆட்டோக் கூலி, ஆஸ்பத்திரியில் இல்லாத நேரம் வெளியே வாங்கும் மருந்து, கண்ணாடி, பல் ஆகியவை. இந்தக் காலத்தில்தான் வீட்டைத் திருத்த வேண்டும்.

இரண்டாம் கட்டத்தில் குளிக்க, மலசலகூடம் போக ஒரு கை பிடிக்க வேண்டும். பணத்தைவிட ஆளின் நேரம்தான் இங்கே கரையும்.

மூன்றாவது படுக்கை. மாதச் செலவை இப்படிப் போடுங்கள்: பம்பஸ் (பெரியவர்களுக்கான டயபர்) நாளைக்கு 4, மாதத்துக்கு 120. விரிக்கும் பாட் நாளைக்கு 2, மாதத்துக்கு 60. சலம் போகக் குழாய் போட்டிருந்தால் பை கிழமைக்கு ஒன்று. கையுறை 100 உள்ள பெட்டி, மாதத்துக்கு மூன்று. தோலுக்குப் பூசும் சிங்க் கிரீம். இதோடு சவர்க்காரமும் தண்ணீரும், ஏனென்றால் துணி தினமும் தோய்க்க வேண்டும். உங்கள் ஊர்ப் பாமசி விலையால் பெருக்குங்கள். பகலில் ஆள் பக்கத்தில் இருக்கும் நேரம் பழைய சாரனை மடித்துப் போட்டு, இரவுக்கும் பயணத்துக்கும் மட்டும் பம்பஸ் வைத்தால் 120 என்பது 60 ஆகும். தோலுக்கும் அதுதான் நல்லது.

பம்பஸ் வாங்கும்போது இடுப்பை நூலால் அளந்து பாருங்கள். "பெரிய ஆள், பெரிய சைஸ்" என்று வாங்கினால் தொடைப் பக்கத்தால் ஒழுகும், பிறகு ஒரே இரவில் மூன்று மாற்ற வேண்டி வரும்.

கணக்கேடு_கல்முனை:
மிஸ் சொன்னது பொருள் செலவு. பெரிய செலவு ஆள் செலவு. ஒரு கிழமைக்கு 168 மணித்தியாலம். காலை 8 முதல் மாலை 6 வரை கிழமைக்கு ஆறு நாள் ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்தால் 60 மணித்தியாலம். மிச்சம் 108 மணித்தியாலம் வீட்டு மகளின் தலையில். "ஆள் வைத்தாச்சு" என்று அண்ணன் தம்பிமார் நிம்மதியாக இருப்பது இந்த 108ஐப் பார்க்காததால்தான்.

இனி உதாரணக் குடும்பத்தின் 20 இலட்சம். வட்டி 8% என்று வைப்போம், மாதம் 13,333 ரூபா வரும். படுக்கைக் காலத்தில் மற்ற வருமானம் எல்லாம் போக மாதம் 40,000 துண்டு விழுகிறது என்று எடுப்போம். வட்டி போதாது, முதலிலும் கை வைக்க வேண்டும். அப்படி எடுத்தால் 20 இலட்சம் 61 மாதத்தில் தீரும். அதுவும் விலை ஏறாவிட்டால்தான். செலவு வருடத்துக்கு 10% ஏறினால் ஏறத்தாழ 50 மாதத்தில் பெட்டி காலி. விலை ஏறாது என்று யாரும் சொல்ல வேண்டாம். 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் ஒரு வருடத்துக்குள் 69.8% ஏறியது. அந்த வருடம் நிலையான வட்டியில் சாப்பிட்டவர்களின் காசு பாதிக்கு நெருங்கத் தேய்ந்தது.

செய்ய வேண்டியவை: 20 இலட்சத்தை ஒரே வைப்பாகப் போடாதீர்கள். நாலு இலட்சம் வீதம் ஐந்தாக, முதிர்வு மாதம் தள்ளித் தள்ளி வரும்படி வையுங்கள். அவசரத்துக்கு ஒன்றை உடைத்தால் அந்த ஒன்றின் வட்டிதான் குறையும். ஒரே ஆளின் பெயரில், ஒரே வங்கியில் 11 இலட்சத்துக்கு மேல் வைக்க வேண்டாம், வைப்புக் காப்புறுதி அதுவரைக்கும்தான். 60 வயதுக்கு மேற்பட்டவர்களின் ஒரு வருட வைப்புக்கு 10 இலட்சம் வரை 3% மேலதிக வட்டி என்று 2025 வரவு செலவுத் திட்டத்தில் வந்தது. அது வருடத்துக்கு 30,000, மாதம் 2,500. பம்பஸில் ஒரு பங்கு அதால் போகும்.

இன்னொன்று. 2025 ஏப்ரல் முதல் வட்டியில் 10% வரி பிடிக்கிறார்கள். வருட வருமானம் 18 இலட்சத்துக்குள் என்றால் வங்கியில் சுயபிரகடனப் படிவம் கொடுத்தால் பிடிக்க மாட்டார்கள். 1,60,000 வட்டியில் 16,000 மிஞ்சும். படிவத்தை ஒவ்வொரு வரி வருடமும் புதிதாகக் கொடுக்க வேண்டும். பலர் முதல் வருடம் கொடுத்துவிட்டு மறந்துபோகிறார்கள்.

கட்டார்_காற்று:
கணக்கேடு அண்ணே, அரச பென்சன் உள்ள குடும்பத்துக்கு இது எப்படி மாறும்? ஈ.பி.எஃப் (ஊழியர் சேமலாப நிதி) மட்டும் உள்ளவர்களுக்கு?

கணக்கேடு_கல்முனை:
பென்சன் மாதாமாதம் சாகும்வரை வரும், அது பெரிய பலம். கவனிக்க வேண்டியது இரண்டு. பென்சன் எடுப்பவர் முதலில் மௌத்தானால் அல்லது காலமானால் துணைக்குக் கிடைப்பது விதவைகள் தபுதாரர் ஓய்வூதியம். அதற்கு விவாகப் பதிவும் பிறப்புச் சான்றிதழும் பெயர் எழுத்துப் பிழையில்லாமல் இருக்க வேண்டும். உயிரோடிருக்கும்போதே பிரதேச செயலகத்தில் கோப்பைப் பார்த்து, பெயர் வித்தியாசம் இருந்தால் திருத்துங்கள். அடுத்தது, வருடாந்தம் உயிரோடிருப்பதை உறுதிப்படுத்த வேண்டும். ஆள் படுக்கையில் என்று விட்டுவிட்டால் காசு நின்றுவிடும். கிராம உத்தியோகத்தரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

ஈ.பி.எஃப் என்றால் ஆண் 55, பெண் 50 வயதில் மொத்தமாகக் கைக்கு வரும். 8% உங்கள் பங்கு, 12% முதலாளி பங்கு, இத்தனை வருடம் சேர்ந்தது. அந்த மாதமே மகளின் வீட்டுக்குக் கொங்கிறீட் தட்டுப் போடுவதில் போய்விடுகிறது. பாதியை வீட்டுக்குக் கொடுங்கள், பாதியில் கை வைக்காதீர்கள். அந்தப் பாதிதான் பிறகு அதே மகளைக் காப்பாற்றும்.

உறுதிப்பெட்டி:
இழையின் தலைப்பே என் வேலையில் தினமும் வருவது. நொத்தாரிசு மேசைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லும் வரி ஒன்று: நன்கொடை உறுதியோ சீதன உறுதியோ எழுதும்போது சீவிய உரித்தை ஒதுக்கி எழுதுங்கள். காணி மகளுக்குப் போகும், அதில் வசிக்கவும் அதன் வருமானத்தை எடுக்கவும் உங்களுக்கு உயிருள்ளவரை உரிமை இருக்கும். மகளோ மருமகனோ அதை விற்கவோ ஈடு வைக்கவோ போனால் வாங்குகிறவன் பெற்றோரின் கையெழுத்தையும் கேட்பான்.

எங்கே பிழைக்கிறது என்றால், உறுதியில் "நன்கொடையாளியின் சீவிய உரித்து" என்று மட்டும் எழுதுகிறார்கள். வீடு தகப்பன் பெயரில் இருந்திருந்தால் அவர் போனதும் அந்த உரித்து முடிந்துவிடும். தாய்க்கு ஒன்றும் இல்லை. "இருவரின் ஆயுள்வரையும், ஒருவர் இறந்தபின் எஞ்சியிருப்பவரின் ஆயுள்வரையும்" என்று சொல்லி எழுதுவியுங்கள். பெரும்பாலும் தாய்தான் பின்னுக்கு இருப்பவர்.

எழுதி முடிந்த உறுதி என்றால், கொடுத்ததை மீளப் பெறுவது கடினம். மீளப்பெற முடியாத நன்கொடையைப் பெருநன்றிகேட்டுக்காக இரத்துச் செய்ய 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி மாவட்ட நீதிமன்றத் தீர்ப்பு வேண்டும். முன்பு போல் இன்னொரு உறுதி எழுதி அழித்துவிட முடியாது. அந்த வழக்கைத் தாங்கும் வயதிலும் பலத்திலும் எந்தத் தாய் இருப்பாள்? ஆகவே முன்னுக்கே எழுதுங்கள்.

தேசவழமையில் என்ன சொல்கிறது என்று சிலர் கேட்பார்கள். அது யாழ்ப்பாணத்தாருக்கு. இங்கே தமிழர்களுக்குப் பொதுச் சட்டம்.

சம்மாந்துறை_வயல்:
எங்கட ஆக்களுக்கு ஒரு வித்தியாசம் இருக்கு, சேர். முஸ்லிம்களின் நன்கொடை உறுதியில் "மீளப்பெற முடியாதது" என்று வெளிப்படையாக எழுதாவிட்டால் அது மீளப்பெறக் கூடியதுதான், 1931ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்திலேயே இருக்கு. ஆனால் கலியாணப் பேச்சில் மாப்பிள்ளை பக்கம் அந்தச் சொல்லைப் போடச் சொல்லி நிற்பார்கள், வாப்பாவும் கையெழுத்து வைப்பார். என்ன சொல்லுக்குக் கையெழுத்து வைக்கிறோம் என்று உம்மாவுக்கும் வாசித்துக் காட்ட வேண்டும்.

உறுதிப்பெட்டி:
சரியாகச் சொன்னீர்கள் காக்கா.

மண்டூர்_துறை:
படுவான்கரையில், அதாவது மட்டக்களப்பு வாவிக்கு மேற்குப் பக்கம், உறுதிக் காணி உள்ளவர்கள் குறைவு. பெரும்பாலும் அரசு கொடுத்த அனுமதிப்பத்திரம் அல்லது அளிப்பு. அம்பாறைக் குடியேற்றங்களிலும் அதுதான். இந்தக் காணியை வங்கியில் நினைத்தபடி ஈடு வைக்கவோ விற்கவோ முடியாது, பிரதேச செயலாளரின் அனுமதி வேண்டும். "வருத்தம் வந்தால் வயலை வித்துப் பார்ப்பம்" என்ற நினைப்பு இங்கே நடக்காது.

ஆனால் இந்தக் காணியில் பெற்றோருக்கு ஒரு நல்ல விடயம் உண்டு. பின்னுரித்தாளரை (உங்களுக்குப் பிறகு காணி போய்ச் சேரும் ஆளை) நியமித்தால் அது உயிரோடு இருக்கும்போது காணியைக் கொடுப்பது இல்லை. மனம் மாறினால் நியமனத்தை இரத்துச் செய்து வேறு ஆளை நியமிக்கலாம். நன்கொடை உறுதி போலக் கை நழுவிப் போகாது. வாழ்க்கைத் துணைக்கும் உரித்து இருக்கு. ஆகவே வயலை அவசரப்பட்டு யாருக்கும் மாற்றாதீர்கள். பெரும்போகம், சிறுபோகம் இரண்டிலும் வரும் வருமானத்தைப் பராமரிப்புக்கு என்று ஒதுக்குங்கள். அடுத்தவன் செய்கை பண்ணினால் அனுமதியோடு, போகத்துக்குப் போகம் எழுத்தில் இருக்கட்டும். கமநல சேவை நிலையத்தின் பதிவில் யார் பெயர் சொந்தக்காரராகக் கிடக்கு என்று போய்ப் பாருங்கள். வாய்ப் பேச்சில் ஏழெட்டு வருடம் விட்டால் வயலைத் திருப்பி எடுப்பது பெரும்பாடு.

ஒன்றை மறக்க வேண்டாம்: வயல் காசு வருடத்தில் இரண்டு தரம் வரும், பம்பஸ் காசு மாதாமாதம் வேண்டும். அறுவடைக் காசில் ஆறு மாதச் செலவைத் தனிக் கணக்கில் போட்டுவிட்டுத்தான் கடனைக் கட்ட வேண்டும்.

மருதமுனை_தறி:
படுக்கையில் உள்ளவருக்கு காத்து மெத்தை வாங்கிக் கொடுத்தால் புண் வராதுதானே, மிஸ்? கடையில் அப்படித்தான் சொல்கிறார்கள்.

வார்டு_மிஸ்:
இல்லை தங்கச்சி. காற்று மெத்தை உதவிக்குத்தான், அது ஆளைத் திருப்பிப் படுக்க வைக்காது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் படுக்கைப்புண் வந்த வீட்டில்தான் கணக்கு எல்லாம் உடையும். ஒரு ஆழமான புண்ணுக்கு மருந்து கட்டும் துணி, கிருமிநாசினி, ஆஸ்பத்திரிப் பயணம் என்று மாதக் கணக்கில் போகும்.

மெத்தையின் பம்பில் ஒரு திருகு இருக்கும், ஆளின் நிறைக்கு ஏற்ப வைக்க வேண்டும். சரியா என்று பார்க்கும் முறை: மெத்தைக்கு அடியில், ஆளின் இடுப்பெலும்புக்கு நேரே, உள்ளங்கையை மேல்நோக்கி வைத்துத் தள்ளுங்கள். எலும்பு கையில் முட்டினால் காற்றுப் போதாது. கைக்கும் எலும்புக்கும் இடையில் ஒரு அங்குலம் காற்று இருக்க வேண்டும். மெத்தைக்கு மேல் றெக்சின் விரிப்பு, இரண்டு கம்பளி, அதன் மேல் பாட் என்று அடுக்கினால் மெத்தை வேலை செய்யாது. மெல்லிய பருத்தி விரிப்பு ஒன்று போதும்.

இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் பக்கம் மாற்றுங்கள். நேராகச் சரித்து இடுப்பு மொழியில் பாரம் விழ வைக்காதீர்கள். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை வைத்து 30 பாகைச் சரிவு. குதிக்கால் எதிலும் படக்கூடாது, கெண்டைக் காலுக்குக் கீழே தலையணை வைத்து அந்தரத்தில் விடுங்கள். நடுவில் ஓட்டை உள்ள வளையத் தலையணையை வாங்கவே வேண்டாம், அது சுற்றி உள்ள இரத்த ஓட்டத்தை நெரிக்கும். சிவந்த இடத்தை எண்ணெய் போட்டுத் தேய்க்கவும் கூடாது.

எங்கட தோல் நிறத்தில் சிவப்பு தெரியாது. ஆகவே கண்ணால் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். புறங்கையால் தொட்டுப் பாருங்கள்: சுற்று வட்டத்தைவிடச் சூடாக, கல்லுப்போல அல்லது சேறுபோல இருந்தால் புண் உள்ளே தொடங்கிவிட்டது. அந்தப் பக்கம் அன்றைக்கே பாரம் நிற்பாட்டுங்கள்.

புண் ஆற புரதம் வேண்டும். 50 கிலோ ஆளுக்கு நாளைக்கு 60 கிராம் புரதமாவது. ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் மீனில் ஏறத்தாழ 20. வெறும் அரிசிக் கஞ்சியில் அந்த அளவு கிடைக்காது. முள்ளெடுத்த மீனைக் கஞ்சியோடு அரைத்துக் கொடுங்கள். சிறுநீரக வருத்தம் உள்ளவர் என்றால் டொக்டரிடம் கேட்டுவிட்டு.

மூக்குக் குழாய் உள்ளவருக்குத் தலைப்பக்கம் 30 முதல் 45 பாகை உயர்த்தி, ஒரு தரம் 200 முதல் 250 மில்லிலீற்றர். பிறகு 30 மில்லி தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவுங்கள். அதன்பின் ஒரு மணித்தியாலம் படுக்க விட வேண்டாம். மூக்கு ஓரத்தில் குழாயில் பேனையால் ஒரு குறி போட்டு வையுங்கள். குறி வெளியே வந்திருந்தால் ஒரு துளியும் கொடுக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நுரையீரலுக்குள் போனால் காப்பாற்றுவது கடினம்.

மருதமுனை_தறி:
ஜஸாக்கல்லாஹ் மிஸ். தூக்கித் திருப்பும்போது பார்ப்பவரின் இடுப்பு போகிறதே, அதுக்கு என்ன வழி?

வார்டு_மிஸ்:
கட்டிலை உயர்த்துங்கள். வீட்டுக் கட்டில் ஒன்றரை அடிதான் இருக்கும். கால்களுக்குக் கீழே குழி வெட்டிய மரக்கட்டை வைத்து, உங்கள் இடுப்பு மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். தோளிலிருந்து தொடை வரை அகலமாக மடித்த விரிப்பை ஆளுக்குக் கீழே நிரந்தரமாக விட்டுவிட்டு, அதைப் பிடித்து இழுத்துத் திருப்புங்கள். கமக்கட்டில் கை கொடுத்துத் தூக்க வேண்டாம், பாரிசவாதம் வந்த பக்கத் தோள் கழன்றுவிடும். கட்டில் உயர்ந்தால் விழும் பயமும் இருக்கு, தனியே விடும்போது ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் தடுப்பு.

சமூகசேவை_மேசை:
அரச உதவி எதையும் கேட்காமல் விடும் குடும்பங்கள் அதிகம். பராமரிப்பை முழுதாகத் தாங்கும் தொகை இல்லைத்தான், ஆனாலும் உரிமை.

60 வந்ததும் முதியோர் அடையாள அட்டை. கிராம உத்தியோகத்தரிடம் உறுதிப்படுத்தி, பிரதேச செயலகத்தில் முதியோர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தரிடம் கொடுக்க வேண்டும். 70 வயதுக்கு மேல் வருமானம் குறைந்தவர்களுக்கு முதியோர் கொடுப்பனவு, 2025 வரவு செலவுத் திட்டத்தில் மாதம் 5,000 ஆக்கினார்கள். அங்கவீனமுற்றவர்களுக்கான கொடுப்பனவு 10,000. பாரிசவாதத்தால் ஒரு பக்கம் இயங்காதவரை "வயசாளி" என்று முதியோர் பட்டியலில் மட்டும் போட்டுவிட்டு, அங்கவீனக் கொடுப்பனவுக்கு விண்ணப்பிக்காமல் விடுகிறார்கள். சமூக சேவை உத்தியோகத்தரிடம் மருத்துவச் சான்றிதழோடு போங்கள். சக்கர நாற்காலி, ஊன்றுகோல், கொமட் கதிரையும் அங்கேயே கேளுங்கள்.

பிள்ளைகள் வசதியோடு இருந்தும் பார்க்காவிட்டால், 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி பராமரிப்புச் சபைக்கு முறையிடலாம். பெற்றோரை வேண்டுமென்றே கைவிடக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. சபை பிள்ளைகளை அழைத்து விசாரித்து மாதத் தொகை கட்டச் சொல்லிக் கட்டளையிடும். தாய்மார் "பிள்ளைக்கு எதிராகவா" என்று மறுப்பார்கள். ஒரு கடிதம் வந்ததும் பேசிச் சரியாகும் குடும்பங்களும் உண்டு, ஆகவே கடைசிவரை காத்திருக்க வேண்டாம்.

கட்டார்_காற்று:
வெளியிலிருந்து காசு அனுப்புகிறவர்கள் செய்யும் பிழையையும் பேசுவோம். ஒரு மாதம் 50,000, அடுத்த மாதம் ஒன்றுமில்லை, பெருநாளுக்கு ஒரு இலட்சம் என்று அனுப்பினால் தங்கச்சியால் எதையும் திட்டமிட முடியாது. ஆளுக்குச் சம்பளம் 30ஆம் திகதி கொடுக்க வேண்டும். குறைந்த தொகை என்றாலும் ஒரே திகதியில், நிலையான கட்டளையாகப் போடுங்கள். தாயின் பெயரிலும் தங்கச்சியின் பெயரிலும் கூட்டுக் கணக்கு திறந்து, பராமரிப்புக் காசு அதில் மட்டும் வரட்டும். மருந்துத் துண்டையும் பாமசி பில்லையும் படம் எடுத்துக் குடும்ப வட்ஸ்அப்பில் போட்டால் யாரும் யாரையும் சந்தேகப்பட மாட்டார்கள்.

அடுத்தது கசப்பான விடயம். பார்க்கும் சகோதரிக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். கணக்கேடு அண்ணன் சொன்ன அந்த 108 மணித்தியாலத்துக்கு.

மண்டூர்_துறை:
அது சரி வராது தம்பி. பெத்த தாயைப் பார்க்க மகளுக்குக் கூலியா? ஊர் என்ன சொல்லும்? அவள் கையில் வீடும் இருக்குத்தானே.

கட்டார்_காற்று:
அண்ணே, வீடு அவளுக்குக் கலியாணத்துக்குக் கொடுத்தது. மூத்த அக்காமாருக்கும் வீடு கொடுத்தோம், அவர்கள் இரவில் எழும்புவதில்லை. வேலையை விட்டுவிட்டு ஆறு வருடம் பார்த்தால் அவளுக்கு ஈ.பி.எஃப் இல்லை, சேமிப்பு இல்லை. அவளின் முதுமைக்கு யார்? கூலி என்ற சொல் வேண்டாம் என்றால் அவள் பெயரில் மாதாமாதம் ஒரு வைப்புப் போடுங்கள்.

கணக்கேடு_கல்முனை:
நான் கட்டார் தம்பி பக்கம். இன்னொன்றும் சேர்க்கிறேன்: மூன்று மாதத்துக்கு ஒரு தரம் ஐந்து நாள் அவளை முழுதாக விடுவியுங்கள். மற்றப் பிள்ளைகள் முறை போட்டு வந்து நிற்க வேண்டும். வர முடியாதவர் அந்த ஐந்து நாளுக்கு ஆள் வைக்கும் காசைக் கட்டட்டும்.

மண்டூர்_துறை:
வைப்பாகப் போடுவதென்றால் எனக்கு ஆட்சேபனை இல்லை. அதையும் எல்லாரும் கூடிப் பேசி எழுதி வையுங்கள், பிறகு மருமகன்மாரால் பிரச்சினை வரும்.

கல்லடி_உப்புக்காற்று:
மறதி வருத்தம் வந்தவரின் வங்கிக் கணக்கை என்ன செய்வது? அற்றோணித் தத்துவம் (அவருக்காக இன்னொருவர் கையெழுத்து வைக்கும் அதிகாரம்) எழுதி வைத்தால் போதுமா?

உறுதிப்பெட்டி:
போதாது. எல்லாரும் தடுக்கி விழும் இடம் இது. எங்கட சட்டத்தில் அற்றோணித் தத்துவம் கொடுத்தவர் புத்தி சுயாதீனத்தோடு இருக்கும்வரைதான் செல்லும். மறதி முற்றியபின் அதைக் கொண்டு காணி விற்றால் அந்த உறுதி கேள்விக்குள்ளாகும். கால், கை இயலாதவருக்கு அது உதவும். மறதிக்கு உதவாது. அந்த நிலையில் மாவட்ட நீதிமன்றத்தில் மனுப்போட்டு, வைத்திய அறிக்கையோடு, ஆதனத்தை நிருவகிக்க ஒருவரை நியமிக்க வேண்டும். காலமும் காசும் பிடிக்கும்.

ஆகவே மறதியின் முதல் அறிகுறியிலேயே, டொக்டர் "விளங்கிக் கையெழுத்து வைப்பார்" என்று எழுதித் தரும் காலத்திலேயே, மூன்று வேலையை முடியுங்கள். வைப்புகளைக் கூட்டுக் கணக்காக மாற்றி, இருவரில் எவரும் எடுக்கலாம் என்று வங்கியில் எழுதுங்கள். தனிப் பெயரில் விட வேண்டியதற்குப் பின்னுரித்தாளியை நியமியுங்கள். மரண சாசனத்தை நொத்தாரிசும் இரண்டு சாட்சியும் முன்னிலையில் முடியுங்கள். நொத்தாரிசு இல்லாமல் என்றால் ஐந்து சாட்சி வேண்டும். தகப்பனின் ஏ.ரி.எம் அட்டையை மகன் வைத்துக்கொண்டு எடுப்பதை நம்பி இருக்காதீர்கள். அட்டை காலாவதியான நாளில் எல்லாம் நிற்கும்.

ஆரையூர்_நிழல்:
முதியோர் இல்லத்தில் விடுவதைப் பற்றி யாரும் எழுதவில்லையே. பிள்ளைகள் எல்லாரும் வெளியில் என்றால் வேறு வழி?

சமூகசேவை_மேசை:
அதைப் பாவமாகப் பார்க்க வேண்டாம். பூட்டிய வீட்டுக்குள் தனியே விழுந்து கிடப்பதைவிட நல்ல இல்லம் மேல். ஐந்து பேருக்கு மேல் முதியோரைத் தங்கவைத்துப் பராமரிக்கும் இடம் சட்டப்படி பதிய வேண்டும், பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். பகலில் சொல்லிவிட்டுப் போகாமல், இரவு ஏழு மணிக்குப் போய்ப் பாருங்கள்: எத்தனை பேருக்கு எத்தனை பராமரிப்பாளர் நிற்கிறார்கள், சல மணம் அடிக்குதா, படுத்தவரின் கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர் இருக்குதா. கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி: "ஆள் படுக்கையானால் வைத்திருப்பீர்களா, திருப்பி அனுப்புவீர்களா?" நடமாடுபவரை மட்டும் ஏற்கும் இல்லங்கள் உண்டு. முற்பணமாகப் பெரிய தொகை கேட்டால், இடையில் எடுத்தால் எவ்வளவு திரும்பும் என்று எழுத்தில் வாங்குங்கள். வைத்திய காப்புறுதியை நம்பி இதற்குள் போக வேண்டாம், அது வார்டில் அனுமதித்தால் தருவது. வயது எல்லையையும் பத்திரத்தில் பாருங்கள்.

மண்டூர்_துறை:
மாரிக்கு ஒரு வார்த்தை. கார்த்திகை, மார்கழியில் வெள்ளம் வந்தால் எங்கட பக்கம் பாதை துண்டுபடும். படுக்கை ஆள் உள்ள வீட்டில் ஐப்பசி முடியும் முன்னரே ஒரு மாத மருந்து, பம்பஸ், சலப்பை வாங்கி உயரத்தில் வையுங்கள். கிளினிக் கொப்பியையும் அடையாள அட்டையையும் பொலித்தீனில் கட்டுங்கள். வீட்டில் படுக்கை ஆள் இருக்கு என்று கிராம உத்தியோகத்தரிடம் பெயர் கொடுத்து வைத்தால் படகு வரும்போது முதலில் தேடுவார்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் இலவசம், ஆனால் அவசரத்துக்குத்தான். கிளினிக் பயணத்துக்கு வேறு வாகனக் காசு ஒதுக்க வேண்டும்.

கணக்கேடு_கல்முனை:
கரண்ட் கணக்கையும் சேருங்கள். காற்று மெத்தைப் பம்ப் 10 வாட் அளவு, மாதம் முழுக்க ஓடினாலும் 7 யூனிட்தான். ஒட்சிசன் இயந்திரம் 350 வாட் என்றால் 24 மணித்தியாலத்துக்கு 8.4 யூனிட், மாதம் 252 யூனிட். வீட்டுப் பாவனையோடு சேர்ந்து 180க்கு மேல் உள்ள ஆகக்கூடிய விலைப்படிக்குப் போய்விடும். டொக்டர் நாளைக்கு எத்தனை மணித்தியாலம் என்று சொன்னாரோ அந்த அளவுக்கே போடுங்கள்.

வார்டு_மிஸ்:
கரண்ட் போனால் காற்று மெத்தை இறங்கும். பம்பிலிருந்து குழாயைக் கழற்றி மூடி போடும் வகை வாங்கினால் சில மணித்தியாலம் காற்று நிற்கும். மூடி இல்லாவிட்டால் குழாயை மடித்து இறுக்கிக் கட்டுங்கள். ஒட்சிசனில் உள்ளவருக்கு நிரப்பிய சிலிண்டர் ஒன்று எப்போதும் வீட்டில்.

கல்லடி_உப்புக்காற்று:
எல்லாருக்கும் நன்றி. மிஸ், ஆரம்பத்தில் "முதல் கட்டத்தில் வீட்டைத் திருத்த வேண்டும்" என்றீர்கள். எதை?

வார்டு_மிஸ்:
மலசலகூடக் கதவு முதலில். பழைய வீடுகளில் அது இரண்டடி. சக்கர நாற்காலி ஒன்று 25, 26 அங்குலம் அகலம், உள்ளே போகாது. திறந்த அகலம் 32 அங்குலமாவது வேண்டும். குந்து கழிப்பறை என்றால் கொமட் வையுங்கள், பக்கச் சுவரில் பலமான பைப்பால் கைப்பிடி, சிமெந்துக்குள் இறங்கும் ஆணியோடு. துவாய் தொங்கும் கம்பியைப் பிடித்து எழும்பத்தான் பலர் விழுகிறார்கள். குளிக்கும் இடத்து மினுங்கும் மாபிளை மாற்றிக் கரடான தரை போடுங்கள்.

வெள்ளத்துக்குப் பயந்து அத்திவாரம் உயர்த்திய வீடுகளில் சாய்தளம் கவனம். ஒரு அங்குல உயரத்துக்கு ஒரு அடி நீளம். இரண்டடி உயரம் என்றால் 24 அடி, முற்றத்தில் வளைத்துத்தான் போட வரும். எட்டடியில் செங்குத்தாகப் போட்ட சாய்தளத்தில் தள்ளுகிறவரும் சேர்ந்து சறுக்குவார். பணம் குறைவென்றால் சாய்தளத்தைப் பிறகு பார்க்கலாம். கதவையும் கைப்பிடியையும் அடுத்த மகளுக்குக் கட்டும் புது வீட்டிலேயே போட்டுவிடுங்கள், மேசனிடம் அத்திவாரம் வெட்டும்போதே சொன்னால் மேலதிகச் செலவு சொற்பம்.